ஆப்பிரிக்கா: நமக்குக் காட்டப்படாத பாதி



2020 ஜனவரி 24. சுவிட்சர்லாந்து நாட்டின் டாவோஸ் நகரம். உலகப் பணக்காரர்களும் ஆட்சியாளர்களும் ஆண்டுதோறும் கூடும் பொருளாதார மாநாடு அங்கே நடந்து கொண்டிருந்தது. பூமி சூடாவதைத் தடுக்க வேண்டும் என்று குரல் கொடுக்க வந்த ஐந்து இளம்பெண்கள் செய்தியாளர்களைச் சந்தித்து, வரிசையாக நின்று படம் எடுத்துக் கொண்டார்கள். நால்வர் ஐரோப்பாவைச் சேர்ந்த வெள்ளைப் பெண்கள். ஐந்தாமவர் உகாண்டா நாட்டைச் சேர்ந்த வனெஸ்ஸா நகாதே.

அசோசியேட்டட் பிரஸ் என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனம் அந்தப் படத்தை வெளியிட்டது. படத்தில் நால்வர்தான் இருந்தார்கள்! ஓரத்தில் நின்ற ஆப்பிரிக்கப் பெண்ணைக் காணோம், வெட்டியிருந்தார்கள். ஏன் என்று கேட்டதற்கு, அவருக்குப் பின்னால் ஒரு கட்டடம் தெரிந்தது, அது படத்துக்கு இடைஞ்சலாக இருந்தது, அதனால் வெட்டினோம் என்று விளக்கம் வந்தது. நீங்கள் ஒரு படத்தை மட்டும் அழிக்கவில்லை, ஒரு கண்டத்தையே அழித்து விட்டீர்கள் என்று நகாதே மனம் நொந்து சொன்னார். எதிர்ப்பு வலுத்த பிறகுதான் முழுப் படமும் வெளிவந்தது, வருத்தமும் தெரிவிக்கப்பட்டது.

படத்தில் ஓர் ஆளை வெட்டினால் கண்டுபிடித்து விடலாம். வெட்டப்பட்டவரே வந்து, "நான் எங்கே?" என்று கேட்கலாம். ஆனால் செய்தியில் வெட்டினால்? காரணத்தை வெட்டிவிட்டு விளைவை மட்டும் காட்டினால்? பெயரை வெட்டிவிட்டு உடலை மட்டும் காட்டினால்? காலையில் தேநீர்க் கடையில் பேப்பர் புரட்டும் உங்களுக்கும் எனக்கும் அது எப்படித் தெரியும்?

ஆப்பிரிக்காவைப் பற்றி மேலை நாட்டுச் செய்தி சாதனங்கள் சொல்வதெல்லாம் பொய் என்று நாம் சொல்ல வரவில்லை. அங்கே பஞ்சம் உண்டு, போர் உண்டு, ஊழல் உண்டு. ஆனால் பொய்யை விட ஆபத்தானது பாதி உண்மை. அந்தப் பாதியை வைத்துக் கொண்டு ஒரு கண்டத்து மக்களையே நாம் எடை போட்டுக் கொண்டிருக்கிறோம். அதுதான் நம் கவலை.

காரணம் வெட்டப்பட்டது

1994 ஏப்ரல் 6 அன்று இரவு, ருவாண்டா நாட்டின் தலைநகர் கிகாலியில் அதிபர் ஹபியாரிமானா வந்த விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. சில மணி நேரத்தில் கொலைகள் தொடங்கின. சுமார் நூறு நாட்களில் எட்டு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள் என்பது ஐ.நா.வின் கணக்கு. பத்து லட்சத்துக்கும் மேல் என்கிறது ருவாண்டா அரசு. கொல்லப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் துட்சிகள். கொலைக்கு உடன்பட மறுத்த ஹுட்டுக்களும் பலியானார்கள்.

முதல் சில வாரங்கள் இதை மேலை நாட்டுப் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் பெரும்பாலும் எப்படிச் சொல்லின? பழங்குடிச் சண்டை என்றன. நூற்றாண்டுப் பகை என்றன. கட்டுப்பாடு இழந்த கலவரம் என்றன. நம் நாட்டுப் பத்திரிகைகளும் அதைத்தான் மொழிபெயர்த்துப் போட்டன. இன்றும் ருவாண்டா என்றால், "காட்டுமிராண்டிகள் ஒருவரை ஒருவர் வெட்டிக் கொண்ட நாடுதானே" என்று கேட்பவர் நம்மில் உண்டு.

நடந்தது என்ன? ஹுட்டுவும் துட்சியும் பேசியது ஒரே மொழி. வாழ்ந்தது ஒரே குன்றுகளில். பெரும்பாலோர் வழிபட்டது ஒரே தேவாலயங்களில். முதல் உலகப் போரின்போது, 1916இல், ஜெர்மனியிடமிருந்து அந்நாட்டைப் பிடித்த பெல்ஜியம் 1930களில் ஒவ்வொருவர் கையிலும் ஓர் அடையாள அட்டையைக் கொடுத்தது. அதில் ஹுட்டு, துட்சி, துவா என்று இனத்தை எழுதியது. துட்சிகளுக்குப் பதவியும் படிப்பும் கொடுத்து மற்றவர்களை ஒதுக்கியது. துட்சிகள் விடுதலை கேட்கத் தொடங்கியதும் ஹுட்டுக்கள் பக்கம் சாய்ந்தது. 1994இல் சாலைத் தடுப்புகளில் நின்ற கொலைகாரர்கள் முதலில் கேட்டது அந்த அட்டையைத்தான். அலுவலகத்தில் எழுதப்பட்ட அந்த ஒரு சொல் மரண தண்டனை ஆயிற்று.

கொலை திடீரென்று வெடித்ததா? இல்லை. ஆயுதப் படைகளுக்கு முன்கூட்டியே பயிற்சி தரப்பட்டது. கொல்ல வேண்டியவர்களின் பட்டியல் தயாரானது. வெட்டுக்கத்திகள் பெருமளவில் இறக்குமதி ஆயின. 1993 ஜூலையில் ஒலிபரப்பைத் தொடங்கிய ஒரு தனியார் வானொலி, துட்சிகளைக் கரப்பான் பூச்சிகள் என்று அழைத்து நஞ்சு கக்கியது. ஐ.நா. படைத் தளபதி ரோமியோ டலேர், ஆயுதக் குவியல் பற்றியும் கொலைத் திட்டம் பற்றியும் 1994 ஜனவரி 11 அன்றே நியூயார்க்குக்குத் தந்தி அனுப்பியிருந்தார்.

சிந்தித்துப் பாருங்கள்! பட்டியல் போட்டு, கத்தி வாங்கி, வானொலி வைத்து நடத்தியது பழங்குடிச் சண்டையா? ஆட்சியைப் பிடித்துக் கொண்டிருந்த ஒரு கூட்டம் திட்டமிட்டுச் செய்த இனப்படுகொலை அது. ஹிட்லர் செய்ததை யாரும் பழங்குடிச் சண்டை என்று எழுதுவதில்லையே!

ஒரு சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்களா? படுகொலை என்றால் செய்தவன் ஒருவன் இருப்பான். அவனைத் தடுக்க வேண்டும் என்ற கடமை வரும். பழம்பகை என்றால் யார் மீதும் குற்றமில்லை, யாருக்கும் கடமையுமில்லை. படுகொலை உச்சத்தில் இருந்த ஏப்ரல் 21 அன்று பாதுகாப்புச் சபை, சுமார் 2,500 பேர் இருந்த அமைதிப் படையை 270 பேராகக் குறைக்கத் தீர்மானித்தது. இனப்படுகொலை என்ற சொல்லை வாயில் வரவிடாமல் அமெரிக்க அதிகாரிகள் வாரக் கணக்கில் நழுவினார்கள். செய்தி மட்டுமே இதற்கெல்லாம் காரணம் என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் கைகட்டி நிற்க விரும்பியவர்களுக்கு அந்தச் செய்தி நல்ல சாக்காக அமைந்தது. போதிய அளவு செயல்படவில்லை என்று 1998 மார்ச்சில் அதிபர் கிளிண்டன் கிகாலிக்கே போய் ஒப்புக் கொண்டார். ஒப்புக்கொண்டு என்ன பயன்? போன உயிர் வந்ததா?

போஸ்னிய முஸ்லிம்கள் கொல்லப்பட்டபோதும் இதே "பழம்பகை" என்ற பல்லவியை நாம் கேட்டோம். அப்போது நமக்குக் கோபம் வந்தது. ருவாண்டாவுக்கு வந்ததா? அதை ஒவ்வொருவரும் தம் நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக் கொள்ளட்டும்.

அந்த ஏப்ரலில் ஆப்பிரிக்காவுக்கு வந்த வெளிநாட்டுச் செய்தியாளர்களில் பெரும்பாலோர் தென்னாப்பிரிக்காவின் முதல் ஜனநாயகத் தேர்தலைப் பார்க்கப் போயிருந்தார்கள். ருவாண்டா பக்கம் கேமராக்கள் திரண்டது ஜூலையில். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் எல்லை கடந்து கோமா நகரில் குவிந்து, காலராவில் ஆயிரக்கணக்கில் மடிந்தபோது அந்தக் காட்சி உலகமெங்கும் ஒளிபரப்பானது. அந்தக் கூட்டத்தில் அப்பாவிகளோடு கொலைகாரர்களும் கலந்திருந்தார்கள். பார்த்தவர்களுக்கு யார் கொன்றவன், யார் தப்பியவன் என்று எப்படித் தெரியும்? மிஞ்சியது, "பாவம் ஆப்பிரிக்கர்கள்" என்ற ஒரு பெருமூச்சுதான்.

இன்னொன்றும் அந்தச் செய்திகளில் விடுபட்டது. கிகாலியின் பிர்யோகோ, நியாமிராம்போ பகுதிகளில் வாழ்ந்த முஸ்லிம்கள் பலர் கொலையில் சேர மறுத்தார்கள். துட்சிகளைத் தம் வீடுகளிலும் பள்ளிவாசல்களிலும் ஒளித்து வைத்துக் காத்தார்கள். விதிவிலக்குகள் இருந்தன, மறைக்கத் தேவையில்லை. ஆனால் அன்று சிறுபான்மையினரிலும் சிறுபான்மையினரான அந்த ஏழை முஸ்லிம்களின் துணிச்சலை உலகம் அறிந்து கொள்ளப் பல ஆண்டுகள் ஆயின.

முன்கதை வெட்டப்பட்டது

சோமாலியாவை எடுத்துக் கொள்ளுங்கள். 1992 டிசம்பர் 9 அன்று அமெரிக்கப் படை மொகதிஷு கடற்கரையில் இறங்கியபோது, தொலைக்காட்சிக் கேமராக்கள் விளக்கைப் போட்டுக் கொண்டு அங்கே முன்பே காத்திருந்தன! 1993 அக்டோபர் 3 சண்டையில் 18 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். ஒரு வீரரின் உடல் தெருவில் இழுத்துச் செல்லப்பட்ட காட்சியை உலகமே பார்த்தது. பார்த்தவர்கள், "சோறு போட வந்தவனையே கொல்கிறார்களே" என்றார்கள். உடலை இழிவுபடுத்தியதை நாமும் கண்டிக்கிறோம். மார்க்கம் அதை அனுமதிக்கவில்லை.

ஆனால் அதற்கு முன் 1993 ஜூலை 12 அன்று என்ன நடந்தது? அதே நகரில் குலத் தலைவர்களும் பெரியவர்களும் கூடியிருந்த ஒரு வீட்டை அமெரிக்க ஹெலிகாப்டர்கள் ஏவுகணை வீசித் தகர்த்தன. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் என்றது செஞ்சிலுவைச் சங்கம். அக்டோபர் சண்டையிலும் சோமாலியர்கள் நூற்றுக்கணக்கில் இறந்தார்கள். அந்தச் சண்டையை வைத்து 2001இல் ஹாலிவுட்டில் படம் எடுத்தார்கள். அதில் பெயரும் முகமும் யாருக்கு இருந்தன? அமெரிக்க வீரர்களுக்கு. சோமாலியர்கள் துப்பாக்கி ஏந்தி ஓடிவரும் கூட்டம், அவ்வளவுதான்.

பெயர் வெட்டப்பட்டது

1993 மார்ச்சில் தெற்கு சூடானில் கெவின் கார்ட்டர் எடுத்த ஒரு படம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். எலும்பும் தோலுமாய்க் குனிந்து கிடக்கும் குழந்தை. பின்னால் காத்திருக்கும் பிணந்தின்னிக் கழுகு. நியூயார்க் டைம்ஸ் அதை வெளியிட்டது. 1994இல் அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. அந்த ஜூலையில் கார்ட்டர் தற்கொலை செய்து கொண்டார். அவருடைய வேதனையை நாம் கேலி செய்யவில்லை. ஆனால் எடுத்தவர் பெயரை உலகமே சொல்கிறது. அந்தக் குழந்தையின் பெயர் என்ன? பெற்றோர் யார்? எந்தப் போர் அதைப் பட்டினி போட்டது? நீண்ட காலம் யாரும் கேட்கவில்லை.

படத்தை உற்றுப் பார்த்தால் குழந்தையின் கையில் ஒரு வளையம் தெரியும். உணவு மையத்தில் பதிவு செய்யப்பட்டதற்கான அடையாளம் அது. 2011இல் ஸ்பெயினின் எல் முண்டோ நாளிதழ் தேடிச் சென்று குடும்பத்தைக் கண்டுபிடித்தது. அது ஆண் குழந்தை. அந்தப் பஞ்சத்தில் அவன் சாகவில்லை; பிழைத்து வளர்ந்து, பல ஆண்டுகளுக்குப் பின் காய்ச்சலில் இறந்தான் என்று தந்தை சொன்னார். கழுகுக்கு இரையானான் என்று உலகம் எண்ணிய பிள்ளைக்குத் தகப்பன் இருந்தான், வீடு இருந்தது, உணவு மையம் பக்கத்திலேயே இருந்தது!

2019 ஜனவரியில் நைரோபியில் ஒரு ஓட்டல் வளாகத்தைப் பயங்கரவாதிகள் தாக்கினார்கள். நாற்காலிகளில் சாய்ந்து கிடந்த சடலங்களின் படத்தை நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. உங்கள் ஊரில் குண்டு வெடித்தால் இப்படிப் போடுவீர்களா என்று கென்யர்கள் கொதித்தார்கள். நியாயமான கேள்வி! இறந்தவருக்குக் கண்ணியம் என்பது தோலின் நிறத்தைப் பார்த்தா வருகிறது?

மருந்து வெட்டப்பட்டது

வியாபாரிகளே, இது உங்களுக்கு. 2014இல் கினி, லைபீரியா, சியரா லியோன் ஆகிய மூன்று நாடுகளில் எபோலா பரவியது. 11,000க்கும் மேற்பட்டோர் இறந்த பெரும் துயரம் அது. ஆனால் செய்தி எப்படி வந்தது? "ஆப்பிரிக்காவில் எபோலா" என்று வந்தது. விளைவு, கென்யாவுக்கும் தான்சானியாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் போகவிருந்த சுற்றுலாப் பயணிகள் பயணத்தைக் கைவிட்டார்கள். லைபீரியாவிலிருந்து கென்யா 5,000 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. அதைவிட ஸ்பெயின் பக்கம்! ஸ்பெயினுக்குப் போக யாராவது பயந்தார்களா? இந்தியாவைப் போல் ஒன்பது மடங்கு பரப்பும் 54 நாடுகளும் கொண்ட கண்டத்தை ஒரே கிராமமாக்கி விட்டது அந்தத் தலைப்பு.

அதே 2014 ஜூலையில் நைஜீரியாவின் லாகோஸ் நகருக்கு எபோலாவோடு ஒரு நோயாளி வந்து இறங்கினார். கோடிக்கும் மேல் மக்கள் நெருங்கி வாழும் நகரம். என்ன ஆகுமோ என்று உலகம் நடுங்கியது. நோயாளியை வெளியே விடச் சொல்லி வந்த நெருக்கடிக்குப் பணியாமல் தடுத்து நிறுத்தினார் அமேயோ அடதேவோ என்ற பெண் மருத்துவர். அந்த நோய் தொற்றி அவரே உயிர் துறந்தார். சுகாதார ஊழியர்கள் நோயாளிகளோடு பழகிய சுமார் 900 பேரைத் தேடிப் பிடித்து, வீடு வீடாக 18,000க்கும் மேற்பட்ட முறை சென்று சோதித்தார்கள். நோய் கண்டவர் 20 பேர், இறந்தவர் 8 பேர், அதோடு முடிந்தது. அக்டோபர் 20 அன்று நைஜீரியாவில் எபோலா இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நோய் வந்த செய்தி முதல் பக்கத்தில் வந்ததே, நோயை விரட்டிய செய்தி எத்தனாம் பக்கத்தில் வந்தது? அந்த மருத்துவரின் பெயரை இதற்கு முன் கேள்விப்பட்டீர்களா?

2022 மே மாதம் குரங்கம்மை ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பரவியது. செய்தியோடு வந்த படங்கள் பலவற்றில் கொப்புளங்களோடு தெரிந்ததோ கறுப்பு உடல்கள்! ஆப்பிரிக்காவில் பணிபுரியும் வெளிநாட்டுச் செய்தியாளர் சங்கமே இதைக் கண்டித்து அறிக்கை விட வேண்டியதாயிற்று.

வரலாறு வெட்டப்பட்டது

ஆப்பிரிக்காவுக்கு வரலாறே கிடையாது, அங்கு ஐரோப்பியர் செய்ததுதான் வரலாறு, மற்றதெல்லாம் இருட்டு என்று 1963இல் ஆக்ஸ்போர்டின் பேராசிரியர் ஹியூ டிரெவர் ரோப்பர் பேசினார். படித்த மேதையே இப்படிப் பேசினால், அந்தப் பள்ளிகளில் படித்து வந்த செய்தியாளரை நாம் என்ன சொல்வது?

நமக்காவது தெரிய வேண்டாமா? மக்காவில் கொடுமை தாங்காத நபித்தோழர்களுக்கு அடைக்கலம் கொடுத்தவர் யார்? அபிசீனியாவின் நஜ்ஜாஷி மன்னர். அது இன்றைய எத்தியோப்பியாவையும் எரித்ரியாவையும் சேர்ந்த பகுதி. நான்காம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவத்தை ஏற்ற நாடு அது. 1984 பஞ்சத்தின்போது நிதி திரட்டிய பிரிட்டிஷ் பாடகர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? இன்று கிறிஸ்துமஸ் என்பதாவது அவர்களுக்குத் தெரியுமா என்று கேட்டுப் பாட்டு எழுதினார்கள்! தர்மம் செய்தார்கள், பாராட்டுவோம். ஆனால் யாருக்குக் கொடுக்கிறோம் என்று ஒரு புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கக் கூடவா நேரமில்லை?

மாலி நாட்டின் திம்புக்துவில் இருந்த லட்சக்கணக்கான பழைய ஏடுகளைப் பாருங்கள். மார்க்கம், வானியல், மருத்துவம், வியாபாரக் கணக்கு எல்லாம் அவற்றில் உண்டு. 2012இல் ஆயுதக் குழுக்கள் நகரைப் பிடித்தன. 2013 ஜனவரியில் அவர்கள் ஓடும்போது தீ வைத்தார்கள். ஏடுகள் எல்லாம் எரிந்து போயின என்று உலகச் செய்திகள் அலறின. அழிந்தவை சில ஆயிரம். பெரும்பகுதியை நூலகர் அப்துல் காதிர் ஹைதராவும் அவருடைய தோழர்களும் இரும்புப் பெட்டிகளில் அடைத்து, வண்டியிலும் படகிலும் ஏற்றித் தலைநகர் பமாகோவுக்கு முன்பே கடத்தி விட்டிருந்தார்கள். எரித்தவனும் தன்னை முஸ்லிம் என்றான்; அவனுக்காக நாம் வெட்கப்படுகிறோம். உயிரைப் பணயம் வைத்துக் காத்தவரும் முஸ்லிமே, ஆப்பிரிக்கரே. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அது செய்தி.

இப்னு பதூதா அப்படித்தான் எழுதினார். 1340களில் நம் மாபர் கரைக்கும் மதுரைக்கும் வந்த அதே பயணி, 1352இல் மாலிக்குப் போனார். மன்னர் அனுப்பிய விருந்து அற்பமாக இருந்தது என்று கோபித்துக் கொண்டார். பிடிக்காத பழக்கங்களைக் கண்டித்தார். ஆனால் அந்நாட்டு மக்கள் அநீதியை வெறுத்ததையும், வழிப்போக்கர் திருடர் பயமின்றி நடந்ததையும் அதே பேனாவால் எழுதினார். குறையும் எழுதினார், நிறையும் எழுதினார். ஆறரை நூற்றாண்டுக்கு முன் கழுதையிலும் ஒட்டகத்திலும் போனவருக்கு இருந்த நேர்மை, செயற்கைக்கோளோடு போகிறவருக்கு ஏன் இல்லை?

யார் கையில் கத்தரிக்கோல்?

1870இல் பிரிட்டனின் ராய்ட்டர், பிரான்சின் ஹவாஸ், ஜெர்மனியின் வோல்ஃப் ஆகிய மூன்று செய்தி நிறுவனங்கள் உலகத்தைப் பங்கு போட்டு ஒப்பந்தம் செய்தன. யாருக்கு எந்த நாடு என்று வல்லரசுகள் காலனிகளைப் பிரித்துக் கொண்டது போலவே, யாருக்கு எந்த நாட்டுச் செய்தி என்று பிரித்துக் கொண்டன. காலனி ஆட்சி போய் விட்டது. செய்திக் குழாய் மட்டும் அதே வழியில் ஓடுகிறது. நைரோபியில் நடப்பது லண்டனுக்கோ நியூயார்க்குக்கோ போய், அங்கே வெட்டி ஒட்டப்பட்டுத்தான் நம் ஊர்ப் பத்திரிகைக்கு வருகிறது.

இதை மாற்ற முயற்சி நடக்காமல் இல்லை. சீன் மக்பிரைட் தலைமையில் யுனெஸ்கோ அமைத்த ஆணையம், செய்தி ஒரு திசையில் மட்டும் ஓடுவது சரியல்ல என்று 1980இல் அறிக்கை தந்தது. நம் நாட்டுப் பத்திரிகையாளர் பி.ஜி. வர்கீஸ் அதில் ஓர் உறுப்பினர். என்ன நடந்தது? இதையும் ஒரு காரணமாகக் காட்டி, 1984 முடிவில் அமெரிக்காவும் அடுத்த ஆண்டு பிரிட்டனும் யுனெஸ்கோவை விட்டே வெளியேறின.

அவர்கள் மட்டுமா?

பழியை முழுக்க அவர்கள் தலையில் போட்டுவிட்டு நாம் தப்பிக்கக் கூடாது. ருவாண்டாவில் நஞ்சு கக்கிய வானொலி ருவாண்டா நாட்டவருடையதுதான். அதன் பொறுப்பாளர்களை 2003 டிசம்பரில் சர்வதேச நீதிமன்றம் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. தங்கள் ஊழலை யாராவது எழுதினால், "வெளிநாட்டுப் பத்திரிகைச் சதி" என்று கத்தும் ஆட்சியாளர்கள் ஆப்பிரிக்காவிலும் இருக்கிறார்கள். மற்ற இடங்களிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வக்காலத்து வாங்க நாம் வரவில்லை. ருவாண்டாவின் உண்மையையும் சோமாலியாவின் உண்மையையும் தோண்டி எடுத்தவர்களில் மேலை நாட்டுச் செய்தியாளர்களும் உண்டு.

நாமும் வெட்டுகிறோம். 2023 ஏப்ரல் 15 அன்று சூடானில் இரண்டு தளபதிகளுக்கு இடையே போர் மூண்டது. ஒருவர் ராணுவத் தலைவர் புர்ஹான். மற்றவர் துணைப்படைத் தலைவர் ஹெமெத்தி. ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வீடிழந்தார்கள். பெரும்பாலோர் முஸ்லிம்கள். 2025 அக்டோபரில் எல் ஃபாஷிர் நகரைத் துணைப்படை பிடித்தபோது பெரும் படுகொலை நடந்தது. நம் கூட்டங்களில் எத்தனை முறை சூடானைப் பற்றிப் பேசினோம்? அந்நாட்டுத் தங்கத்தின் பெரும்பகுதி துபை சந்தைக்குப் போகிறது. துணைப்படைக்கு ஆயுதம் கொடுத்ததாக ஐக்கிய அரபு அமீரகத்தின் மீது குற்றச்சாட்டு எழுந்தது. அமீரகம் அதை மறுக்கிறது. நமக்கு வேலை கொடுக்கும் நாட்டைப் பற்றிய கேள்வி என்றால் நாம் வாயை மூடிக் கொள்கிறோம். அப்போது கத்தரிக்கோல் யார் கையில் இருக்கிறது?

நாம் செய்ய வேண்டியது

பாதிச் செய்தி என்ன செய்யும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. 2017 மார்ச்சில் டெல்லிக்குப் பக்கத்திலுள்ள கிரேட்டர் நொய்டாவில் ஒரு பள்ளி மாணவன் இறந்தான். நைஜீரியர்கள் மனித மாமிசம் தின்பவர்கள் என்று வதந்தி கிளம்பியது. படிக்க வந்த ஆப்பிரிக்க மாணவர்களைக் கும்பல் ஓட ஓட அடித்தது. நூறு ஆண்டுகளாகக் கதையிலும் சினிமாவிலும் செய்தியிலும் ஊட்டப்பட்ட படம் மனதில் இல்லாவிட்டால், அந்த வதந்தியை யார் நம்பியிருப்பார்கள்? நம்மைப் பற்றி வரும் வதந்திகளால் அடிபட்ட சமுதாயம் நாம். அந்த அடியின் வலி நமக்குத் தெரியாதா?

திருப்பூர் காதர்பேட்டையில் பனியன் வாங்க நைஜீரிய வியாபாரிகள் வருகிறார்கள். தூத்துக்குடித் துறைமுகத்தில் ஆப்பிரிக்க முந்திரிக் கொட்டை இறங்குகிறது. அந்த வியாபாரியை நீங்கள் எந்தக் கண்ணால் பார்க்கிறீர்கள்? பெயரைக் கேட்டீர்களா? ஊரைக் கேட்டீர்களா? அல்லது "கறுப்பன்" என்று முதுகுக்குப் பின்னால் சிரித்தீர்களா? பிலால் (ரலி) அவர்களின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சூட்டுகிறோம். அவர் போன்ற முகத்தோடு ஒருவர் கடைக்கு வந்தால் முகம் சுளிக்கிறோம். இது என்ன நியாயம்?

ஒரு செய்தி வந்தால் தீர விசாரியுங்கள், இல்லாவிட்டால் அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டு வருந்துவீர்கள் என்பது குர்ஆன் (49:6) நமக்குத் தரும் எச்சரிக்கை. இளைஞர்களே, இனி ஆப்பிரிக்காவைப் பற்றி ஒரு செய்தி படித்தால் நான்கு கேள்விகள் கேளுங்கள். எந்த நாடு, எந்த ஊர்? இதற்கு முன் என்ன நடந்தது? அந்த ஊர்க்காரர் யாராவது பெயரோடு பேசுகிறாரா? இதைச் சரி செய்ய அங்கே யார் முயல்கிறார்? பதில் இல்லையென்றால் உங்கள் கையில் இருப்பது பாதிச் செய்தி. ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர்கள் கென்யாவிலும் நைஜீரியாவிலும் வெளிவரும் நாளிதழ்களையே நேரடியாகப் படியுங்கள். நம் நகரக் கல்லூரிகளில் படிக்கும் ஆப்பிரிக்க மாணவர்களை ஜமாஅத் நிகழ்ச்சிகளுக்கு அழைத்து, அவர்கள் நாட்டைப் பற்றி அவர்கள் வாயாலேயே கேளுங்கள்.

கேட்டால் மாறாது என்று சோர்ந்து விடாதீர்கள். 2015 ஜூலையில் அதிபர் ஒபாமா கென்யாவுக்குப் போகும் முன், பயங்கரவாதம் கொதிக்கும் பகுதிக்குப் போகிறார் என்று சி.என்.என். தொலைக்காட்சி சொன்னது. கென்யர்கள் ஒன்று திரண்டு எதிர்த்தார்கள். அடுத்த மாதமே அந்நிறுவனத்தின் உயர் அதிகாரி நைரோபிக்கு நேரில் போய் மன்னிப்புக் கேட்டார். வனெஸ்ஸா நகாதே கேட்டதால்தான் முழுப் படமும் வெளிவந்தது.

அவர் தன் படத்தைத் தானே மீட்டார். ருவாண்டாவின் எட்டு லட்சம் பேரால் அது முடியவில்லை. அவர்களுக்காகக் கேட்டிருக்க வேண்டியவர்கள், செய்தி படித்துக் கொண்டிருந்த நாம். அடுத்த முறையாவது கேட்போமா? சிந்திப்போம், இன்ஷா அல்லாஹ்!